காதல் எவ்வளவு, பயம் எவ்வளவு? வேலூர் வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். காதல் நாவல், அமானுஷ்ய மர்ம நாவல், இரண்டும் கலந்தது என்று இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு கிடையாது. (வெயிலைப் பற்றிய பேச்சு உண்டு. வேலூரில் அதைத் தடுக்க முடியாது.) புதிதாக வருபவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதனால் சில பதில்களில் என் சாய்வு இருக்கும். மற்றவர்களுக்கு அதில் வருத்தமும் இருக்கிறது.

அமானுஷ்யக் காதல் நாவல் என்றால் பேய்க்கதைதானே?

பேய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பெண் கல்யாணமாகிப் பழைய வீட்டுக்கு வருகிறாள். மாடியில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கிறது. ஏன் என்று மாமியாரைக் கேட்டால் பேச்சு மாறுகிறது, கணவனைக் கேட்டால் முகம் மாறுகிறது. அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் சிக்கல். கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் உயிர் போகும். இந்த இழுபறிதான் கதை. அறைக்குள் இருப்பது ஆவியா, ஆளா, பழைய கடிதமா என்பது பிறகு.

இங்கிலாந்தில் இந்த வகை பாழடைந்த கோட்டைகளில் தொடங்கியது. ஹொரேஸ் வால்போல் 1764இல் எழுதிய கதையே ஒரு கோட்டையின் பெயரில்தான் இருக்கிறது. நமக்குக் கோட்டை தேவைப்படவில்லை. புகுந்த வீடே போதும். தெரியாத சமையலறை, சொல்லப்படாத குடும்பக் கதை, வருடத்துக்கு ஒரு முறை போகவேண்டிய குலதெய்வக் கோயில், அங்கே யாரோ ஒரு பாட்டி சாமியாடிச் சொல்லும் அரைகுறை வாக்கு என்று எல்லாம் தயாராக இருக்கிறது.

இதுவரை எதுவும் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

முதலில் நாங்கள் உங்களை ஒரு கேள்வி கேட்போம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவீர்களா?

அணைத்துவிடுவேன் என்றால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. நடப்பது அமானுஷ்யமா, அதற்கு அறிவியல் விளக்கம் உண்டா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவார்கள். காதல் குறைவு, பயம் அதிகம். எங்கள் சத்துவாச்சாரி அத்தை இதைப் பகலில் மட்டும், அதுவும் வேலைக்காரம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் படித்து முடித்தார்.

எரிந்தால்தான் தூக்கம் வரும் என்றால் ரமணிசந்திரனில் தொடங்குங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பயத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தவறான புரிதல், பிடிவாதம், பிரிவு, சேர்தல். ஆனால் ‘அவன் மனதில் என்ன இருக்கிறது’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை பக்கத்தைப் புரட்ட வைப்பதும் மர்மம்தான். இதை மர்மக்கதைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜன். சித்தர்கள், ஓலைச்சுவடி, குலதெய்வம், மறுபிறவி என்று நம் மண்ணிலேயே அமானுஷ்யத்தைத் தோண்டி எடுத்தவர். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது அந்த மாதக் கூட்டத்தில் வேறு எதையும் பேசவில்லை. தொண்ணூறுகளில் சன் டிவியில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். ‘விடாது கருப்பு’ ஓடிய நாட்களில் கொல்லைப்புறம் போகப் பயந்த கதை ஆளுக்கு ஒன்று இருக்கிறது.

அதிக நேரம் இல்லாதவர்களுக்குப் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. சிறுகதைதான். காட்பாடியில் ரயில் ஏறி அரக்கோணம் வருவதற்குள் முடித்துவிடலாம். மிச்ச வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போவீர்கள்.

முடிவைச் சொல்லாமல் ஒரு மர்ம நாவலைப் பரிந்துரைப்பது எப்படி?

வட்டத்தில் அதிகம் சண்டை நடந்தது இதற்காகத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து வரும் அண்ணன் ஒருவர் நல்ல வாசகர். ஒரு முறை ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது கதையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. உட்காரும்போது மட்டும், “அந்தத் தாத்தாவைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க” என்றார். அவ்வளவுதான். அந்த நாவலை அடுத்து வாங்கிப்போன நான்கு பேரும் முதல் அத்தியாயத்திலேயே தாத்தாவைப் பிடித்துவிட்டார்கள். அண்ணனோ, “நான் எதுவுமே சொல்லலையே” என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அதற்குப் பிறகு சில விஷயங்களை முடிவு செய்தோம். முதல் முப்பது பக்கத்துக்குள் நடப்பதை மட்டும் சொல்லலாம். எந்தப் பாத்திரத்தையும் தனியாகப் புகழவோ சந்தேகப்படவோ கூடாது. ‘கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கு’ என்பதும் கூடாது. கேட்பவருக்கு அது தூண்டில் மாதிரி இருக்கும், சரி. ஆனால் படிக்கும்போது அவர் கதைக்குள் இருக்கமாட்டார், திருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. இந்த வகை நாவல்கள் இரண்டு விதமாக முடியும். கடைசியில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்து, பேய் என்று நினைத்தது மனிதக் கைவேலை என்று தெரியும். அல்லது விளக்கமே இல்லாமல் பேய் பேயாகவே நிற்கும். ஆன் ராட்க்ளிஃப் என்ற ஆங்கில எழுத்தாளர் 1790களிலேயே முதல் வகைக்குப் பெயர் பெற்றவர். பக்கம் பக்கமாக நடுங்கவைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றாக விளக்கம் கொடுப்பார். ஒரு நாவல் எந்த வகை என்று சொன்னாலே பாதி கதை போய்விடும். ஆகவே “இதில் நிஜமாவே பேய் உண்டா?” என்று யார் கேட்டாலும் எங்கள் வட்டத்தில் ஒரே பதில்: “படிச்சுட்டு நீங்க சொல்லுங்க.”

அப்புறம் என்னதான் சொல்லலாம்? அளவைச் சொல்லலாம். காதல் பத்துக்கு ஆறு, பயம் பத்துக்கு நான்கு என்கிற மாதிரி. ரத்தம் உண்டா, குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிறதா, மாந்திரீகச் சடங்குகள் விவரமாக வருகிறதா என்பதையும் சொல்லலாம். அதெல்லாம் கதையைச் சொல்வதாகாது. சாப்பாட்டில் காரம் எவ்வளவு என்று சொல்வது போலத்தான்.

நாயகனும் நாயகியும் சேருவார்களா என்று தெரியாமல் நான் படிக்கமாட்டேன். என்ன செய்வது?

உங்களைப் போல எங்களில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலோ தோல் கம்பெனியிலோ நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, முந்நூறு பக்கம் படித்து, கடைசியில் ஒருத்தர் செத்துப்போனால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் மர்மப் பிரியர்களுக்கு முடிவைச் சொன்னால் உயிர் போகும்.

காட்பாடி டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வட்டத்தில் சுற்றும் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு சின்னச் சீட்டு மடித்து ஸ்டேப்ளர் அடித்திருக்கும். உள்ளே ‘சேருவார்கள்’ அல்லது ‘சேரமாட்டார்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கும். வேண்டியவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கவேண்டும். ஒரு புத்தகத்தில் மட்டும் சீட்டில் ‘அது நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது’ என்று இருக்கிறது. யார் எழுதியது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாயகன் அறைகிறான், கடத்திக்கொண்டுபோய்த் தாலி கட்டுகிறான். இதையெல்லாமா பரிந்துரைக்கிறீர்கள்?

பழைய குடும்ப நாவல்களில் ஓர் அறையாவது விழும். இப்போது இணையத்தில் வாரத்துக்கு இரண்டு எபி (அத்தியாயம்) என்று வரும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளில் அது இன்னும் அதிகம். வட்டத்தில் இதில் ஒருமித்த கருத்து இல்லை. “கதையில் ரசிப்பதற்கும் வீட்டில் பொறுத்துக்கொள்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், நீ எனக்குப் பாடம் எடுக்காதே” என்று அத்தை என்னிடம் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் அந்த நாயகன் திருந்தும் கதைக்கும், நாயகி பழகிக்கொள்ளும் கதைக்கும் வித்தியாசம் இருக்கிறது. என்னால் இரண்டாவதைப் படிக்க முடிவதில்லை. அப்படிப்பட்ட நாவல் என்றால் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம்.

ஆங்கிலத்தில் என்ன படிக்கலாம்?

1847ஆம் வருடத்தைப் பிடியுங்கள். ஒரே வீட்டு அக்கா தங்கை, சார்லட் பிராண்டியும் எமிலி பிராண்டியும், அந்த ஒரு வருடத்தில் ஆளுக்கொரு நாவலை ஆண்பெயர் போல ஒலிக்கும் புனைபெயரில் வெளியிட்டார்கள். அக்காவின் ‘ஜேன் அயர்’ கதையில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். தங்கையின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ கதையில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. முதலில் அக்காவைப் படியுங்கள், தங்கை கொஞ்சம் முரட்டுப் பெண்.

டாஃப்னி டூ மோரியே 1938இல் எழுதிய ‘ரெபெக்கா’வை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன். பெரிய மாளிகைக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண் வருகிறாள். செத்துப்போன முதல் மனைவியின் பெயர்தான் புத்தகத்தின் பெயர். கதையைச் சொல்லும் இந்தப் பெண்ணுக்கோ கடைசி வரை பெயரே கிடையாது. இரண்டாம் தாரமாகப் போன பெண்களைக் கண்ட நம் ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை.

ரத்தக்காட்டேரிக் காதல் வேண்டும் என்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2005இல் வந்த ‘ட்வைலைட்’ ஏற்கெனவே தெரியும். அவர்களிடம் 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வைக் கொடுத்துப் பார்த்தோம். நாட்குறிப்பும் கடிதமுமாக நகர்வதால் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு, முடித்தவர்கள் இரவில் ஜன்னலைச் சாத்தியதும் உண்டு.

தமிழில் இது புது வகையா? முன்பே இருந்ததா?

காட்பாடியிலிருந்து சென்னை ரயிலில் போனால் அரக்கோணம் தாண்டித் திருவாலங்காடு வரும். அதை ஒட்டியதுதான் பழையனூர். நீலி கதை நடந்ததாகச் சொல்லும் ஊர்.

ஒருவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான், அவள் பேயாகக் காத்திருக்கிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. பழையனூர் போகும் வழியில் அழகான பெண்ணாக வடிவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்’ என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. அவன் ‘இது பேய்’ என்று கதறுகிறான். ஊர்ப் பெரியவர்களான வேளாளர் எழுபது பேர் அழுகிற பெண்ணை நம்புகிறார்கள். ‘உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்’ என்று வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

‘நீலிக் கண்ணீர்’ என்று இன்றைக்கும் திட்டுகிறோமே, அது இவள் கண்ணீர்தான். கல்யாணம், துரோகம், மறுபிறவி, பூட்டிய அறை, உண்மையைச் சொன்னவனை நம்பாத ஊர். ஒரு மாத நாவலுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. எனக்குத் தீராத ஒரு சந்தேகமும் உண்டு. முதலில் கொலை செய்தது அவன். அப்படியிருக்க, பொய்க்கு உவமையாக நின்றது மட்டும் ஏன் அவள் பெயர்?

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் பாடினார். மாம்பழ அதிசயத்தைக் கண்டு கணவன் பயந்து விலகிப் போக, அழகைத் துறந்து பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேய் மகளிர். ஒருத்தி கணவனைத் துரத்திப் போனாள், ஒருத்தியைப் பார்த்துக் கணவன் ஓடினான். இதை வட்டத்தில் சொன்னபோது டீச்சர், “அம்மையாரை நாவல் கணக்கில் சேர்க்காதே” என்று கடிந்துகொண்டார். சேர்க்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

நம்ம ஊரில் நடக்கிற கதை ஏதாவது?

வட ஆற்காட்டுக்காரரான மு.வரதராசனின் ‘அகல் விளக்கு’ வாலாஜாப்பேட்டையில் தொடங்கும். 1961இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பேய் கிடையாது. காதல் வந்தாலும் கதையின் உயிர் இரண்டு நண்பர்கள். இருந்தாலும் நம் தெருவை ஒரு நாவலுக்குள் பார்க்கும் சுகத்துக்காகக் கொடுக்கிறோம்.

அமானுஷ்யத்துக்கு வேலூரைவிட நல்ல ஊர் எங்கே இருக்கிறது? தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, மூன்றும் மர்ம நாவலின் முதல் வரி மாதிரியே இருக்கிறது. (ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். கேலி மட்டும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது.) கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாடிழந்து, மனைவிமாரோடு இந்தக் கோட்டையில் காவலில் இருந்து 1832இல் இங்கேயே இறந்தான். அதற்கும் முன்னால் திப்புவின் குடும்பம் இருந்தது. 1806 ஜூலையில் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். அந்தக் கல்யாணச் சந்தடியோடு சந்தடியாக, பத்தாம் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். மருதாணி காய்வதற்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட அந்த மணப்பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு நாவல் எழுதினால் எப்படி இருக்கும்! எங்கள் வட்டத்தில் ஒருவர் எழுதத் தொடங்கி மூன்று அத்தியாயத்தில் நிற்கிறார். பெயரைச் சொன்னால் அடிப்பார்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? பிடிஎஃப் அனுப்புவீர்களா?

மாட்டோம். உயிரோடு இருந்து எழுதிச் சம்பாதிப்பவர்களின் புத்தகத்தை ஸ்கேன் செய்து சுற்றவிடுவது எங்களுக்குப் பிடிக்காது. கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அவற்றை இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம். மற்றவற்றுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், போய் எடுங்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் மாத நாவல்களும் பழைய மாலைமதி, ராணிமுத்து இதழ்களும் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும்.

வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்த புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்து ஜோக்கும் பழைய சோப்பு விளம்பரமும் சேர்ந்தே வரும். ஆனால் வாங்கும்போது கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நான் ஒரு முறை பார்க்காமல் வாங்கி வந்தேன். ‘கதவு மெல்லத் திறந்தது’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ‘தொடரும்’. அதோடு சரி. எழுதியவர் பெயர் இருந்த பக்கமும் இல்லை. எட்டு வருடமாகத் தேடுகிறேன்.

பதினைந்து வயது மகளைக் கூட்டிவரலாமா?

கூட்டி வாருங்கள். அவளுக்குப் புத்தகம் கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். நீங்கள் அந்த வயதில் பாடப்புத்தகத்துக்குள் எதை ஒளித்துவைத்துப் படித்தீர்கள் என்பதையும் கேட்போம்.

ஆண்கள் வரலாமா?

மூன்று பேர் வருகிறார்கள். காதல் நாவல்களை மனைவிக்காக வாங்கிப்போவதாகச் சொல்வார்கள். சீட்டு பிரிந்திருப்பதை வைத்து யார் படித்தது என்று கண்டுபிடித்துவிடுவோம்.

வேலூர் மாவட்டத்துக்காரர்கள் மட்டும்தானா?

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள், 2019இல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். நாங்கள் யாரையும் பிரிக்கவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆரணியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆற்காட்டுக்காரர் மக்கன் பேடா வாங்கி வரும் மாதம் கூட்டம் கொஞ்சம் கூடுதல்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகம். அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டும், முப்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட வேண்டும். டார்ச் ஒன்றும் எடுத்து வாருங்கள். மாடிப்படி விளக்கு அடிக்கடி போய்விடுகிறது. போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனது, அதுவும் நீலி கதையில் கத்தியை வாங்கி வைக்கும் இடத்தில். குடியாத்தம் அண்ணன்தான் முதலில் கத்தினார்.